ஊசியும் ஸ்டீயரிங்கும்

ஷூவைக் கழற்றியபோதுதான் அந்த நட்டைப் பார்த்தேன். விரல் நகம் அளவு இரும்பு நட்டு. அன்று காலையிலிருந்து கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நான்கு நடை பஸ் ஓட்டியிருந்தேன். அத்தனை நேரமும் அது என் வலது பாதத்துக்கு அடியில் இருந்திருக்கிறது. காலுறை ரத்தத்தில் ஊறிப் பாதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்துப் பிய்த்தேன். நட்டு சதைக்குள் பதிந்து உட்கார்ந்திருந்தது.

கூட இருந்த கண்டக்டர் கலியபெருமாள் முகத்தைச் சுளித்தான். "யப்பா... என்னா மச்சான் இது? வலிக்கலியா?"

வலிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நான் ஞானப்பிரகாசம். கடலூர் பழைய டவுன். இருபத்திரண்டு வருஷம் அரசு பஸ் ஓட்டியவன். இது 2009 மழைக்காலத்தில் நடந்தது. அப்போது எனக்கு வயது நாற்பத்தேழு. ஒன்பது வருஷமாகச் சர்க்கரை நோய். காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. நடுவில் டீக்கடை, போண்டா, பரோட்டா. பஸ் ஓட்டுகிறவன் சாப்பாட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை, பஸ் நிற்கிற இடத்தில் கிடைப்பதைத் தின்கிறான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

வீட்டில் யாரும் இல்லை. மனைவி லூர்து மேரி நான்கு வருஷமாகக் குவைத்தில், ஒரு வீட்டில் சமையல் வேலை. மகள் ஷீலா திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படித்தாள். வெள்ளிக்கிழமை மேரிக்கு லீவு. அன்று சாயங்காலம் போன் வரும். வாரத்தில் என் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்பது அந்தப் பத்து நிமிஷம்தான்.

நட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, காலில் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மூன்று நாள் டூட்டி பார்த்தேன். நாலாவது நாள் காய்ச்சல். கலியபெருமாள்தான் அதட்டி, சிதம்பரத்தை ஒட்டி அண்ணாமலை நகரில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான்.

ஓ.பி. சீட்டு வாங்கி, பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, நைலான் நூல் மாதிரி ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். தொடுவது தெரிந்தால் 'உம்' சொல்ல வேண்டும். நான் இரண்டு முறை சொன்னேன்.

"பத்து எடத்துல தொட்டேன்" என்றார் டாக்டர். "சர்க்கரை ரொம்ப நாள் ஜாஸ்தியாவே இருந்தா நரம்பு செத்துப் போகும். கால்ல என்ன குத்துனாலும் தெரியாது. நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"பஸ் டிரைவர்மா."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப பிரேக் எப்படி மிதிக்கிறீங்க?"

அந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். பெடலில் கால் இருக்கிறது என்பதை முட்டியின் மடிப்பைக் கொண்டும் வண்டியின் சத்தத்தைக் கொண்டும்தான் தெரிந்துகொண்டிருக்கிறேன். எத்தனை மாதமாக என்று எனக்கே தெரியாது.

ரத்தத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இருநூற்று எண்பத்தாறு. மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டுகிற இன்னொரு பரிசோதனை உண்டு. ஏழுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். எனக்குப் பதினொன்றரை. சிறுநீரில் புரதம் கசிய ஆரம்பித்திருந்தது, அதாவது சிறுநீரகமும் அடி வாங்கியிருக்கிறது. அன்றே அட்மிஷன் போட்டார்கள்.

பதினோரு நாள் இருந்தேன். முதல் நாள் நர்ஸ் கேட்டார், "கூட யாரு இருக்கா?"

"வருவாங்க சிஸ்டர்."

மூன்று நாளும் அதே பதிலைச் சொன்னேன். நாலாவது நாள் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். மருந்துச் சீட்டை என் கையிலேயே கொடுத்தார். ஒரு கையில் சீட்டு, ஒரு கையில் ஊன்றுகோல், நொண்டிக்கொண்டு மருந்து கவுன்டருக்குப் போய் வரிசையில் நிற்பேன். முன்னால் நிற்பவர்கள் "உங்க பேஷன்ட் எந்த வார்டு?" என்று கேட்பார்கள். நான் வார்டு நம்பரை மட்டும் சொல்வேன்.

கஷ்டமான நேரம் சாயங்காலம் நாலு மணி. பார்வையாளர்கள் தூக்குச் சட்டியும் பிளாஸ்க்குமாக வருவார்கள். ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் நாலு பேர். என் கட்டில் ஓரத்தில் யாராவது இடம் இல்லாமல் உட்கார்ந்துகொண்டு, தங்கள் ஆளிடம் பேசுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. இரண்டாம் நாளிலிருந்து நான் நாலு மணிக்கு முன்பே எழுந்து எக்ஸ்ரே அறைப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருமே யாருக்காகவோ காத்திருப்பவர்கள். அவர்களோடு உட்கார்ந்தால் நானும் அப்படி ஒருவன்.

கலியபெருமாள் டூட்டிக்கு நடுவே இரண்டு தடவை வந்தான். அவன் மனைவி கேழ்வரகு அடை சுட்டு, முருங்கைக்கீரை போட்டு, சூடு ஆறாமல் இருக்கத் துண்டில் சுற்றிக் கொடுத்திருந்தாள். "சக்கர போடலியாம் மச்சான், பயப்படாம துன்னு" என்றான். இரண்டு தடவையும் அவன் பத்து நிமிஷத்துக்கு மேல் இருக்க முடியவில்லை. வண்டி கிளம்பிவிடும்.

வெள்ளிக்கிழமை போன் வந்தபோது நான் வார்டு வாசலில் நின்று பேசினேன். பின்னால் இரும்புத் தள்ளுவண்டி கடகடவென்று போனது.

"என்னாங்க அங்க சத்தம்?" என்றாள் மேரி.

"ஒர்க்ஷாப்புல நிக்கிறேன். வண்டிக்கு வேல நடக்குது."

"சாப்டீங்களா?"

"ஆச்சி."

சொன்னால் அவள் வேலையை விட்டுவிட்டு வர முடியாது. கண்காணாத இடத்தில் உட்கார்ந்து அழுவாள். சொல்லாமல் இருப்பதுதான் அவளுக்குச் செய்கிற நல்லது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஆறாம் நாள் டாக்டர் என் கட்டிலுக்கு வந்து, இனி தினமும் இரண்டு வேளை இன்சுலின் ஊசி, வீட்டுக்குப் போனாலும் தொடர வேண்டும் என்றார்.

"மாத்திரையவே கொஞ்சம் ஜாஸ்தி பண்ணிக் குடுங்கம்மா."

"மாத்திரை எல்லாம் உங்க ஒடம்புல இருக்கிற இன்சுலின வேலை வாங்குற மாத்திரை. உங்களுக்கு அது சுரக்கிறதே கொறஞ்சு போச்சு. வெளியில இருந்துதான் குடுக்கணும். குடுத்தா புண்ணு ஆறும். கண்ணு, கிட்னி ரெண்டும் இதோட நிக்கும்."

"கெடுதல் என்னாம்மா?"

கேட்டதில் அவருக்குச் சந்தோஷம் போல. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே சொன்னார். எடை கூடும். ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் கட்டி விழும், அதனால் இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் ஒன்றுதான். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடத் தாமதமானால் சர்க்கரை மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், புத்தி தடுமாறும், சமயத்தில் நினைவே தப்பிவிடும். உடனே இனிப்பு சாப்பிட்டால் கால் மணி நேரத்தில் சரியாகும்.

"வண்டி ஓட்டுறப்ப வந்தா?"

"அதுக்காகத்தான் வேலை என்னன்னு கேட்டேன். உங்க டிப்போவுல சொல்லிடுங்க."

டிப்போவில் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஊசி போடுகிறவனை ஸ்டீயரிங்கில் உட்கார வைக்க எந்த அதிகாரியும் துணியமாட்டார். கூட்டிப் பெருக்குகிற இடத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைப்பார்கள்.

பக்கத்துக் கட்டிலில் கம்மாபுரத்து விவசாயி ஒருவர் இருந்தார், தணிகாசலம் என்று பெயர். அவருக்கு இடது கால் முட்டிக்குக் கீழே இல்லை. டாக்டர் போனதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"நானும் போட்டேங்க ஊசி. ஆறு மாசம். ஒரு நாளு வயக்காட்டுக்குப் போறப்ப சைக்கிளோட வாய்க்கால்ல உழுந்துட்டேன். நெனவு இல்ல. தண்ணி இருந்திருந்தா செத்திருப்பேன். பயந்து ஊசிய வுட்டுட்டேன். ரெண்டு வருசத்துல கால எடுத்துட்டாங்க."

"அப்ப எதுங்க சரி? போடுறதா, வுடுறதா?"

அவர் முட்டியோடு நின்றிருந்த காலைப் போர்வையால் மூடிக்கொண்டார். "உழுந்தப்ப எந்திரிச்சு வூட்டுக்கு வந்துட்டேன்" என்றார். "இப்ப எந்திரிக்க முடியல."

புண் ஆற ஆரம்பித்தது. ஊசி போட நர்ஸ் கற்றுக்கொடுத்தார். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக் குத்த வேண்டும். முதல் தடவை தோலைப் பிடித்தபடி நான் குத்தாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "பஸ் ஓட்டுறவரு இதுக்குப் போயி பயப்படுறீங்களே" என்று சிரித்தார். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. காலையில் இருபது யூனிட், சாயங்காலம் பன்னிரண்டு. போட்டு அரை மணி நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும்.

இரண்டு மாதம் மருத்துவ விடுப்பில் இருந்துவிட்டு டூட்டிக்குத் திரும்பினேன். காலில் புண் என்று மட்டும் சொன்னேன். ஊசியைப் பற்றி ஒருவரிடமும் பேசவில்லை, கலியபெருமாளிடம்கூட. சிதம்பரத்தில் ராத்திரி தங்கல் வந்தால், துணிப்பையில் சிரிஞ்சை மறைத்து எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போவேன். நாற்றத்தில், தாழ்ப்பாள் இல்லாத கதவைக் காலால் அழுத்திக்கொண்டு, சட்டையைப் பல்லில் கடித்தபடி போட்டுக்கொள்வேன். திருட்டு வேலை செய்கிறவன் மாதிரி இருக்கும்.

ஆனால் மருந்து வேலை செய்தது. அதையும் சொல்ல வேண்டும். மரத்த பாதத்தில் ராத்திரி மட்டும் வந்துகொண்டிருந்த எரிச்சல் குறைந்தது. ராத்திரி ஐந்து தடவை எழுந்திருப்பவன் ஒரு தடவை எழுந்தேன். எதிரே வரும் வண்டி போர்டு தெளிவாகத் தெரிந்தது. நாலு கிலோ எடை கூடி, "மாமியாரு வூட்டு சாப்பாடா?" என்று டிப்போவில் கிண்டல் செய்தார்கள். தொப்புளுக்குப் பக்கத்தில் சின்ன உருண்டை ஒன்று விழுந்தது. இடம் மாற்றிப் போட ஆரம்பித்ததும் கரைந்தது. எட்டு மாதம் இப்படிப் போனது. டாக்டர் சொன்ன அந்த லோ சுகர் மயக்கம் மற்றவர்களுக்கு வருவது என்று நினைக்க ஆரம்பித்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை ஆறரைக்கு வீட்டில் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். வழக்கமாகச் சாப்பிடும் கடை மூடியிருந்தது. வேறு கடைக்குப் போக நேரமில்லை. சிதம்பரத்தில் சாப்பிட்டுக்கொள்ளலாம், ஒன்றேகால் மணி நேரம்தானே என்று வண்டியை எடுத்தேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் கரும்பு லாரி ஒன்று ரோட்டின் குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. முக்கால் மணி நேரம் நின்றோம்.

வழி கிடைத்துக் கிளம்பிய பிறகு எனக்கு நினைவிருப்பதெல்லாம் கோபம். காரணமே இல்லாமல் எல்லோர் மேலும் கோபம். ஹாரன் சத்தம் எங்கோ தூரத்திலிருந்து வருவது போல இருந்தது. அடிப்பது நான்தான் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

மற்றதைப் பிறகு கலியபெருமாள் சொன்னான். புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் மெதுவாக இடது பக்கம் சாய்ந்து, தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கியிருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பெண்கள் இரண்டு பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் மழை. சக்கரம் சேற்றில் புதைந்து இன்ஜின் தானாக நின்றது. அந்தப் பெண்களுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் இரண்டு ஆள் நீளம்தான் இருந்ததாம்.

கண் திறந்தபோது என் சட்டைக் காலரை யாரோ பிடித்திருந்தார்கள். "குடிச்சிட்டு ஓட்டுறான்டா! எறக்குங்கடா இவன!" ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். நான் பேச முயன்றேன். நாக்கு புரளவில்லை. அது அவர்கள் சந்தேகத்தை இன்னும் உறுதியாக்கியது. கலியபெருமாள் என் முகத்தருகே குனிந்தான்.

"மச்சான், குடிச்சியா?"

இருபது வருஷம் என்னோடு ஓடியவன் அப்படிக் கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அவனிடம் நான் எதைச் சொல்லி வைத்திருந்தேன்?

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் எல்லோரையும் தள்ளிக்கொண்டு வந்தாள். "வுடுங்க அந்தாள. எங்க வூட்டுக்காரருக்கும் இப்பிடித்தான் வரும். எப்பிடி வேத்திருக்கு பாருங்க." அவள் கையில் ரேஷன் கடைப் பை. அதிலிருந்து ஒரு பிடி சர்க்கரையை அள்ளி என் வாயில் திணித்தாள். "முழுங்கு, முழுங்கு" என்று தாடையைத் தடவினாள். பாதி என் சட்டையில் கொட்டியது. சட்டைப் பையில் நானே ஐந்து மிட்டாய் வைத்திருந்தேன். அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

கால் மணி நேரத்தில் உலகம் திரும்பி வந்தது. முதலில் தெரிந்தது அந்த இரண்டு பெண்கள். சைக்கிளைப் பிடித்தபடி வரப்பு ஓரம் நின்று அழுதுகொண்டிருந்தார்கள்.

பயணிகளை வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து கலியபெருமாள் என் பக்கத்தில் உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் டிக்கெட் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான்.

"சொல்லியிருந்தா டிக்கெட் பையில ஒரு வாழப்பழமாச்சும் வச்சிருப்பேனே மச்சான்" என்றான். பிறகு, குரலைத் தாழ்த்தி, "ஸ்டீயரிங் ராடு லூசுன்னு எழுதிடலாம். ஒருத்தருக்கும் அடிபடல. வுட்டுடுவாங்க."

அந்த யோசனையை உடனே மறுத்தேன் என்று எழுத ஆசைதான். மறுக்கவில்லை; டிப்போ போகிறவரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் 'சாப்பிடாததால் தலைசுற்றல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று நாள் லீவு போட்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை என்ன செய்வது என்று தெரியாமல் மறுநாள் சிதம்பரத்துக்குப் போய் அதே டாக்டரைப் பார்த்தேன்.

"மயக்கம் வர்றதுக்கு முன்னாடி நடுக்கம், படபடப்பு இருந்துச்சா?"

"ஒண்ணும் தெரியலம்மா."

"அதான் பிரச்சனை. ஊசி போட்டுக்கிட்டு வண்டி ஓட்டுறவங்க இருக்காங்க. அவங்களுக்கு முன்கூட்டியே ஒடம்பு சொல்லிடும். உங்களுக்குச் சொல்ல மாட்டேங்குது."

ஊசியை நிறுத்தட்டுமா என்றேன். நிறுத்தினால் பழைய இடத்துக்கே போவீர்கள் என்றார். அளவைக் குறைத்தால்? மயக்கம் குறையலாம், சர்க்கரை ஏறும், அப்படியும் பஸ்ஸில் மயக்கமே வராது என்று என்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார். புதிதாக வேறொரு ஊசி வந்திருப்பதாக டிப்போவில் யாரோ பேசிக் கேட்டிருந்தேன். அதையும் கேட்டேன். அவர் விளக்கினார்: நாளுக்கு ஒன்று, பசியைக் குறைக்கும், எடையும் குறையும், தனியாகப் போட்டால் லோ சுகர் அபூர்வம். ஆனால் பலருக்குக் குமட்டலும் வாந்தியும் இருக்கும், விலையும் அதிகம். "அதெல்லாம் இருந்தாலும் எழுதிக் குடுப்பேன்" என்றார் டாக்டர். "ஆனா ஒடம்புல இன்சுலின் மிச்சம் இருக்கிறவங்களுக்குத்தான் அது வேலை செய்யும். உங்களுக்கு அத மட்டும் நம்ப முடியாது."

வெளியே வந்து ஆஸ்பத்திரி எதிரே மர நிழலில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் கால், கண், கிட்னி. இன்னொரு பக்கம் ஸ்டீயரிங். இத்தனை நாள் இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டீயரிங் போனால் நான் யார் என்பது எனக்குத் தெரியவில்லை. வீட்டில் பேச ஆள் இல்லாதவனுக்கு அந்த ஐம்பது அறுபது பயணிகளின் இரைச்சல்தான் வீடு.

அன்று வெள்ளிக்கிழமை. மேரி போன் செய்தபோது சொல்லிவிட்டேன். நட்டிலிருந்து ரேஷன் சர்க்கரை வரைக்கும். அவள் குறுக்கே பேசவே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று "அலோ, அலோ" என்றேன்.

"இருக்கேன்" என்றாள். "பதினோரு நாளு ஆஸ்பத்திரியில இருந்தீங்களா? அந்தச் சத்தம் ஒர்க்ஷாப் சத்தம் இல்லியா?"

"இல்ல."

"நா இங்க காய்ச்சல்ல கெடந்தா ஒங்ககிட்ட சொல்றனா இல்லியா? ஒங்ககிட்ட சொல்லாம நா யாருகிட்ட சொல்லுவேன்?" பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தப் பொண்ணுங்க ரெண்டும் நம்ம ஷீலா மாதிரி இருந்துச்சிங்களா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை கிளை மேலாளரிடம் கடிதம் கொடுத்தேன். ஊசி போடுவதையும் அன்று நடந்ததையும் முழுதாக எழுதி, எனக்கு ஸ்டீயரிங் வேண்டாம், வேறு வேலை கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். "யாரும் கேக்கலியே ஞானம், நீங்களா ஏன் எழுதுறீங்க?" என்றார். டிரைவர்கள் அறையில் எனக்கிருந்த அலமாரியின் சாவியை அவர் மேசையில் வைத்தேன்.

சிதம்பரம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் அறையில் போட்டார்கள். பஸ் வருகிற நேரம், போகிற நேரம் எழுத வேண்டும். முதல் மாதம் என் பழைய வண்டி வரும்போதெல்லாம் தலையைத் தூக்கமாட்டேன். புது டிரைவர் கியர் மாற்றுகிற சத்தம் காதில் விழும்போது என் கால் தானாகக் கிளட்சைத் தேடும். கலியபெருமாள் கையெழுத்து வாங்க வருவான், ஒரு நிமிஷம் நிற்பான், போய்விடுவான்.

மூன்று வருஷம் ஆகப் போகிறது. மூன்று மாதச் சராசரி ஏழரைக்கு வந்திருக்கிறது. இரண்டு காலும் இருக்கிறது. 2011 கடைசியில் அடித்த 'தானே' புயலில் கரண்ட் போய்க் கிடந்த நாட்களில் மருந்துக் குப்பியை மண்பானைக்குள், ஈரத்துணி சுற்றி வைத்துக் காப்பாற்றினேன். லோ சுகர் பிறகும் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் நாற்காலியில் இருந்தேன். மேரி இன்னும் குவைத்தில்தான். இப்போது தினமும் ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறாள். சாப்பிட்டுவிட்டு நான் திருப்பி ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும்.

போன மாதம் ஒரு காலையில், வேறு டிப்போ டிரைவர் ஒருவர் என் ஜன்னலுக்கு வந்தார். ஸ்ரீமுஷ்ணம் வண்டி. நாற்பது வயதுக்குள் இருப்பார். நேரம் குறித்துக் கையெழுத்து வாங்குகிற டிரிப் ஷீட்டை நீட்டிவிட்டு அப்படியே நின்றார். பிறகு சுற்றிலும் பார்த்துக்கொண்டு, "அண்ணே, நீங்க ஊசி போடுறதா சொன்னாங்க" என்றார்.

"ஆமா."

"நானும்தான். ரெண்டு மாசமா. யாருக்கும் தெரியாது." சிரிக்க முயன்றார். "சொன்னா ஸ்டீயரிங் போயிடுமாண்ணே?"

போகாது என்று சொல்லிவிட மனசு வரவில்லை. போகும் என்றும் சொல்ல முடியவில்லை. "எனக்குப் போச்சு. எனக்கு மயக்கம் வர்றது முன்கூட்டித் தெரியாது. ஒங்களுக்குத் தெரியுதான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. ஆனா கண்டக்டர்கிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க. வூட்லயும் சொல்லுங்க." பிறகு கேட்டேன், "காலையில ஊசி போட்டாச்சா?"

"போட்டேன்."

"சாப்டீங்களா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு நிமிஷத்துல எடுக்கணும்ண்ணே. ஸ்ரீமுஷ்ணம் போயி..."

அவருடைய ஷீட்டை இழுத்து என் நோட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே வரச் சொல்லி, என் நாற்காலியில் உட்கார வைத்து, நான் கொண்டுவந்திருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் தள்ளினேன். வெளியே கண்டக்டர் விசில் ஊதினார். பயணிகள் சத்தம் போட்டார்கள். நாலு இட்லியும் முடிகிறவரை அவர் பக்கத்திலேயே நின்றேன்.

வண்டி ஒன்பது நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. நோட்டில் 'தாமதத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதினேன்: ஓட்டுநர் சாப்பிட்டார்.